முழு வலு சிகாருக்குப் புதியவரா? தில்லியில் பார்ட்டகாஸ் பழக ஒரு வழிகாட்டி

தில்லியில் வேலை பார்க்கும் நம்மவர்கள் கைக்கு நல்ல சிகார் பெரும்பாலும் எதிர்பாராமல்தான் வந்து சேரும். வெளிநாடு போய்வந்த சக ஊழியர் கொடுப்பார், கல்யாணப் பார்ட்டியில் யாராவது நீட்டுவார்கள், இல்லையென்றால் ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில் கடைசி நிமிஷத்தில் நாமே எடுத்திருப்போம். அப்படி வருவதில் அடிக்கடி கண்ணில் படுவது சிவப்பு வளையம் போட்ட பார்ட்டகாஸ் சீரீ டி நம்பர் 4. கியூபா சிகாரில் முழு வலு வகை எது என்று கேட்டால் பலர் முதலில் சொல்வதும் இதைத்தான். புதியவர் ஒருவர் காலையில் நாலு இட்லி சாப்பிட்ட வயிற்றோடு இதைப் பற்றவைத்தால், கால் மணி நேரத்தில் வேர்த்து, குமட்டி, பாதியிலேயே வைத்துவிடுவார். வாங்குவது, பாதுகாப்பது, பிடிப்பது என்று மூன்றிலும் அவசரப்படாதவருக்குத்தான் இந்த வகை தன் சுவையைக் காட்டும்.

இது ஏற்கெனவே சிகார் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்ட பெரியவர்களுக்காக எழுதியது. புகைப்பழக்கமே இல்லாதவர் இதற்காக ஆரம்பிக்க வேண்டாம், மனதாரச் சொல்கிறேன். "சிகார் புகையை உள்ளே இழுப்பதில்லையே, அதனால் ஒன்றும் ஆகாது" என்று பலர் நம்புகிறார்கள். சிகார் புகை காரத்தன்மை (அல்கலைன்) உள்ளது என்பதால் நிக்கோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குச் சமமான புகையிலை இருக்கலாம். வாய், நாக்கு, தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து சிகாருக்கும் உண்டு. இதய நோய் உள்ளவர்களும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் ஒதுங்கியே இருக்க வேண்டும். வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் வீட்டுக்குள் புகையே கூடாது.

வலு எங்கிருந்து வருகிறது

ஒரு சிகாரில் மூன்று பாகம். வெளியே தெரியும் மேலிலை, அதற்கு உள்ளே எல்லாவற்றையும் பிடித்துவைக்கும் கட்டிலை, நடுவில் உள்ளிலைகள். வலுவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உள்ளிலைக் கலவைதான். கியூபாவில் உள்ளிலைக்கான செடியை வெயிலில் வளர்க்கிறார்கள். மேலிலைக்கான செடிக்கு மேல் துணிப் பந்தல் போட்டு நிழல் தருகிறார்கள். வெயிலில் நின்ற செடியின் அடி இலைகளுக்கு வோலாடோ என்று பெயர். மெல்லியவை, நன்றாக எரியும், வலு குறைவு. நடு இலைகள் செக்கோ, வாசனை அதிகம். மேலே சூரியனை நேராக வாங்கும் இலைகள் லிகேரோ. தடித்து, எண்ணெய்ப் பசையோடு, கருத்து இருக்கும். நிக்கோடினும் காரமும் இதில்தான் கூடுதல். லிகேரோவைக் குறைந்தது 2 வருஷம் பதப்படுத்திவிட்டுத்தான் சிகாருக்கு எடுப்பார்கள். அது மெதுவாக எரியும் இலை என்பதால் சிகாரைச் சுற்றுபவர் அதைச் சரியாக நடுவில் வைப்பார். ஓரத்தில் வைத்தால் சிகார் ஒரு பக்கமாக எரிந்து கோணலாகிவிடும். பார்ட்டகாஸ் கலவையில் இந்த லிகேரோவின் பங்கு தாராளம். இலைகள் வருவது கியூபாவின் மேற்குக் கோடியில் உள்ள பினார் டெல் ரியோ மாகாணத்தின் வுவெல்டா அபாஹோ பகுதியிலிருந்து.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நிக்கோடின் உடம்பில் செய்யும் வேலை தனி, வாயில் நிறையும் சுவையின் கனம் தனி. சில சிகாரில் சுவை அடர்த்தியாக இருக்கும், தலையைச் சுற்றாது. சிலது சுவையில் சாதாரணமாக இருந்துகொண்டே ஆளைச் சாய்த்துவிடும். பார்ட்டகாஸில் இரண்டுமே சேர்ந்திருக்கிறது. அதனால்தான் இதைப் படிப்படியாகப் பழகச் சொல்கிறேன்.

ஹவானாவில் ஹைமே பார்ட்டகாஸ் என்ற கட்டலோனியர் 1845-ல் தொடங்கியது இந்தப் பெயர். பிறகு சிஃபுவென்டெஸ் குடும்பத்தின் கைக்குப் போனது. 1960-ல் கியூபா அரசு சிகார்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியதும் அந்தக் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. அதிலிருந்து ஒரே பெயரில் இரண்டு பார்ட்டகாஸ் இருக்கின்றன. ஒன்று கியூபாவில் செய்வது. இன்னொன்று டொமினிக்கன் குடியரசில் செய்து முக்கியமாக அமெரிக்காவில் விற்பது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்றால் அது இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இலையும் சுவையும் வேறு. இங்கே நான் சொல்வதெல்லாம் கியூபா பார்ட்டகாஸுக்குத்தான்.

ஹவானாவில் காபிடோலியோ கட்டடத்தின் பின்னால் இருந்த பழைய பார்ட்டகாஸ் தொழிற்சாலையிலும் இருந்த ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கியூபாவின் சிகார்த் தொழிற்சாலைகளில் 1860-களிலிருந்து, தொழிலாளர்கள் இலை சுற்றும்போது ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்ததே தொழிலாளர்கள்தான். ஒரு சிகாரைப் பிடித்து முடிக்கும்வரை போனைத் தள்ளி வைத்துவிட்டு ஏதாவது படிப்பது என்ற வழக்கம் இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வந்தது. உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

எதில் தொடங்குவது

நேராக சீரீ டி நம்பர் 4-க்குப் போகாதீர்கள். இதுவரை சிகாரே பிடிக்காதவர் முதலில் ஹோயோ டி மோன்டெரேயோ எச். உப்மனோ போன்ற மிதமான ஒன்றில் தொடங்கட்டும். அடுத்தது நடுத்தரமான ரோமியோ இ ஹூலியெட்டா. இவற்றில் நிதானம் பிடிபட்ட பிறகு பார்ட்டகாஸ் பக்கம் வரலாம்.

பார்ட்டகாஸுக்குள்ளும் ஒரு வரிசை வைத்துக்கொள்வது நல்லது. மில் ஃபுளோர் 129 மில்லிமீட்டர் நீளம், 42 ரிங். ரிங் என்பது பருமன் அளவு. ஒரு ரிங் ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. ஒல்லியாக இருப்பதால் மில் ஃபுளோரில் புகையும் அளவாக வரும், இந்தக் கலவையின் மண்வாசனையும் தெரியும். என் கணக்கில் முதல் பார்ட்டகாஸ் இதுதான். அடுத்து சீரீ டி நம்பர் 4. இது 124 மில்லிமீட்டர் நீளம், 50 ரிங், அதாவது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் பருமன். இந்த வடிவத்துக்கு ரொபுஸ்டோ என்று பெயர். நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓடும்.

பலர் சறுக்குவது நம்பர் 5, நம்பர் 6 இரண்டிலும்தான். 110 மில்லிமீட்டர், 90 மில்லிமீட்டர் என்று நீளம் குறைவு, பருமன் அதே 50. சின்னதுதானே என்று புதியவர் கையில் எடுக்கிறார். நீளம் குறையும்போது வலு குறைவதில்லை. மெல்ல ஏறும் முதல் கட்டம் குறுகிவிடுவதால் காரம் சீக்கிரமே வந்துவிடும். 110 மில்லிமீட்டரும் 42 ரிங்கும் உள்ள ஷார்ட்ஸும் அப்படித்தான். நம்பர் 4 பழகிய பிறகு இவற்றை எடுங்கள். 156 மில்லிமீட்டரில் நுனி கூம்பிய சீரீ பி (P) நம்பர் 2-வும், 194 மில்லிமீட்டர் லுஸிடானியாஸும் நல்ல சிகார்கள்தான், ஆனால் நேரம் கேட்பவை. லுஸிடானியாஸுக்கு ஒரு மாலைப்பொழுதே போய்விடும்.

தில்லியில் வாங்குவது

வாங்குவதற்கு மூன்று வழிதான் உருப்படியானவை: இறக்குமதி சரக்கை முறையாக விற்கும் புகையிலைக் கடை, பெரிய ஹோட்டலின் சிகார் கவுன்ட்டர், ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ. வெளிநாட்டிலிருந்து வருபவர் வரியில்லாமல் 25 சிகார் கொண்டுவரலாம், சிகரெட் கொண்டுவராமல் இருந்தால். 18 வயது ஆகாதவருக்கு விற்பதே சட்டப்படி குற்றம்.

முறையாக இறக்குமதி ஆன பெட்டியில் படத்தோடு கூடிய சுகாதார எச்சரிக்கை, இறக்குமதி செய்தவர் பெயர், அதிகபட்ச விலை எல்லாம் இருந்தாக வேண்டும். இவை இல்லாமல் பாலிகா பஜார் மாதிரி இடத்தில் பாதி விலைக்கு வரும் பெட்டியைத் தொடாதீர்கள். கியூபா பெட்டியின் முன்பக்கம் இடது ஓரத்தில் பச்சை நிற உத்தரவாத முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். இப்போது வருபவற்றில் ஹோலோகிராமும் பார்கோடும் உண்டு. அந்த எண்ணை, கியூபா சிகார்களை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். பெட்டியைத் திருப்பினால் அடியில் கியூபாவில் செய்தது, முழுக்கக் கையால் செய்தது என்ற ஸ்பானிஷ் வாசகங்கள் சூட்டு முத்திரையாகப் பதிந்திருக்கும். பக்கத்திலேயே மையால் அடித்த தொழிற்சாலைக் குறியீடும் மாதமும் வருஷமும் இருக்கும். கண்ணாடி மூடி போட்ட கோஹிபா (இன்னொரு கியூபா பிராண்ட்) பெட்டியை யாராவது காட்டினால் பேச்சை வளர்க்காமல் வந்துவிடுங்கள். அப்படி ஒரு பெட்டியை கியூபா செய்வதே இல்லை.

சிகாரை விரல்களுக்கு நடுவில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கித் திரும்ப வேண்டும். சரசரவென்று சத்தம் வந்தால் காய்ந்திருக்கிறது. ஓரிடத்தில் கல்லாகக் கட்டியிருந்தால் புகை வராது. மேலிலையில் ஊசிக் குத்து மாதிரி ஓட்டை இருந்தால் வண்டு போட்டது. அந்த டிரேயில் இருக்கும் எதையுமே வாங்க வேண்டாம்.

பாதுகாப்பதுதான் பெரிய வேலை

தில்லியைப் பொறுத்தவரை சிகாரைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஊரின் காற்றுதான். சிகாருக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி வெப்பம். நம் ஊரிலோ மே மாதம் லூ என்னும் அனல்காற்று அடிக்கும்போது காற்றில் ஈரமே இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் சுவரே வேர்க்கும். ஜனவரியில் ரூம் ஹீட்டர் போட்டு நாமே வீட்டைக் காயவைக்கிறோம். வெளியே மேஜைமேல் வைத்த சிகார் மே மாதத்தில் சீக்கிரமே வெடித்துவிடும். கூலர் ஓடும் அறையில் வைத்தால் அதே சிகார் ஊதிப் போகும்.

பார்க்க அழகாக இருக்கிறதே என்று முதலிலேயே மர ஹியூமிடார், அதாவது சிகாரை ஈரப்பதத்தோடு வைக்கும் பெட்டி, வாங்க வேண்டாம். மலிவான மரப்பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாது, வெயில் காலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாமல் திணறும். ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். புது டப்பாவாக, மசாலா வாசனை ஏறாததாக இருக்க வேண்டும். சிகார் பெட்டியில் வரும் செடார் பலகைத் துண்டு கிடைத்தால் உள்ளே போடுங்கள். ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் தானே பார்த்துக்கொள்ளும் போவேடா பாக்கெட் ஒன்று வையுங்கள். 62, 65, 69, 72 என்று சதவீதம் போட்டு வரும். கியூபா சிகாருக்கு நான் 65-ஐத்தான் சொல்வேன். 69-ல் வைத்தால் மழைக்காலத்தில் புகை கனத்து, எரிவது தடுமாறுகிறது.

கூடவே ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானியும் வேண்டும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது, சோதிக்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சேறாகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரையக் கூடாது. அந்த மூடியையும் மானியையும் ஒரே ஜிப் பையில் போட்டு மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் மானி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி 4 குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அதைக் கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது வெப்பம். மேல்மாடி வீடுகளில், அதுவும் பர்சாத்தி எனப்படும் மொட்டைமாடி அறையில், பகலில் அறையே 35 டிகிரியைத் தாண்டிவிடும். வெப்பம் 24, 25-ஐத் தாண்டினால் இலைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரியும். நம் சமையலறையில் மஞ்சள் பொடியிலும் தனியாவிலும் மிளகாயிலும் வருவதும் இதே பழுப்பு வண்டுதான். ஆகவே சிகார் டப்பாவை மளிகை அலமாரி பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஏசி ஓடும் படுக்கையறையில், வெயில் படாத சுவரை ஒட்டிய அலமாரியின் அடித்தட்டு நல்ல இடம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத சிகாரை முதலில் இரட்டை ஜிப் பையில் காற்றை வெளியேற்றிப் போட்டு, ஒரு நாள் ஃபிரிஜ், மூன்று நாள் ஃப்ரீசர், மறுபடி ஒரு நாள் ஃபிரிஜ் என்று வைத்து எடுங்கள். அவசரப்பட்டு ஃப்ரீசரிலிருந்து நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்கும்.

ஃபிரிஜ்ஜிலேயே நிரந்தரமாக வைப்பது சரிவராது. அங்கே காற்று காய்ந்தது, பெருங்காய வாசனையும் ஏறிவிடும். மே, ஜூனில் 25 சிகார் உள்ள பெட்டியாக வாங்காமல், பிடிக்கப்போகிற இரண்டு மூன்றை மட்டும் வாங்குவதே புத்திசாலித்தனம். பெட்டி வாங்க அக்டோபர் நல்ல மாதம். பயணம் செய்து வந்த சிகாரை டப்பாவில் இரண்டு மூன்று வாரம் ஓய்வாக விட்டபிறகு எடுங்கள். திறந்ததும் அமோனியா நெடி அடித்தால் இன்னும் சில மாதம் விட வேண்டும். முழு வலு சிகாருக்குக் காத்திருப்பு ரொம்பவே பொருந்தும். லிகேரோவின் முரட்டுத்தனம் ஓரிரு வருஷத்தில் நன்றாக அடங்கும். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பஞ்சு மாதிரி படிந்திருந்தால் அது பூசணம். அது நல்ல அறிகுறி என்று கடைக்காரர் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

பற்றவைக்கும் நாள்

மதியம் முழுச் சாப்பாடு. சாதம், சாம்பார், ரசம், தயிர் என்று வயிறு நிறையச் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இந்த வலுவுக்கு உடம்பு தயாராகும். பக்கத்தில் தண்ணீர் வேண்டும். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்ட பானகம் பார்ட்டகாஸுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும். அதிலுள்ள இனிப்பு நிக்கோடின் கிறுகிறுப்பையும் தணிக்கும். டிகாக்‌ஷன் தூக்கலாக விட்ட காபியும் சேரும். பால் அதிகமானால் நாக்கில் படிந்து சுவையை மறைக்கும்.

வாயில் வைக்கும் முனையில் ஒரு சின்ன இலைத் தொப்பி ஒட்டியிருக்கும். அந்தத் தொப்பியின் கோடு தெரியும். கோட்டுக்கு மேலேயே, இரண்டு மில்லிமீட்டருக்குள், இரட்டைக் கத்தி கட்டரால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். கோட்டுக்குக் கீழே போனால் மேலிலை பிரிந்து வந்துவிடும். பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று லேசான தடையோடு வந்தால் சரி.

பெட்ரோல் லைட்டர் ஆகாது, அதன் நெடி கடைசிவரை போகாது. பியூட்டேன் லைட்டர் நல்லது. சிவகாசித் தீக்குச்சியும் போதும், மருந்து எரிந்து முடிந்து மரம் பிடித்த பிறகுதான் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஒன்றுக்கு நாலு குச்சி செலவாகும், ஆகட்டும். சிகாரை வாயில் வைக்காமல் கையிலேயே சாய்த்துப் பிடித்து, ஜுவாலை தொடாத தூரத்தில் அடிமுனையைச் சுழற்றி வாட்டுங்கள். விளிம்பெல்லாம் கருத்துச் சிவந்த பிறகு வாயில் வைத்து மெதுவாக இழுங்கள். முனையில் மெல்ல ஊதிப் பார்த்தால் வட்டம் முழுக்கக் கனன்று தெரிய வேண்டும்.

அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். புகையை வாயிலேயே நிறுத்திச் சுவைத்து வெளியே விடுங்கள், நெஞ்சுக்குள் போகவே கூடாது. வேகமாக இழுத்தால் சிகார் சூடாகிக் கசக்கும், நிக்கோடினும் மொத்தமாக இறங்கும். நம்பர் 4-ல் முதல் பங்கில் ஈர மண்ணும் செடார் மரமும் தெரியும். நடுப்பகுதியில் வறுத்த காபி, கொக்கோ, தோல் வாசனை என்று கனம் கூடும். கடைசிப் பங்கு மிளகுக் காரம். லிகேரோவின் முழு வலு அங்கேதான் இறங்குகிறது, புதியவர் அதைத் தொடாமலேயே நிறுத்திவிடலாம், குறை ஒன்றும் இல்லை. சாம்பலை அடிக்கடி தட்டாதீர்கள், ஓர் அங்குலம் சேரட்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பின்தங்கிய ஓரத்தில் லைட்டரை லேசாகக் காட்டினால் போதும்.

குளிர்ந்த வேர்வை, விக்கல், வாயில் எச்சில் ஊறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வைத்துவிடுங்கள். காற்றாட உட்கார்ந்து தண்ணீரும் ஏதாவது இனிப்பும் சாப்பிட்டால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். வாந்தி நிற்காவிட்டாலோ நெஞ்சு படபடத்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். முடிந்ததும் நசுக்கி அணைக்க வேண்டாம், நெடி பரவும். சாம்பல் தட்டில் வைத்தால் தானே அணையும். பிறகு தண்ணீர் தெளித்து, வீட்டுக்கு வெளியே குப்பையில் போடுங்கள்.

எங்கே உட்கார்ந்து பிடிப்பது என்பதுதான் தில்லியில் சிக்கல். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டலிலும் 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள ரெஸ்டாரன்ட்டிலும் தனிப் புகை அறை வைக்க அனுமதி உண்டு. மயூர் விகாரோ ஆர்.கே. புரமோ, பால்கனியில் பிடித்தால் புகை நேராக மேல்வீட்டுக்குத்தான் போகும். அவர்களிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வேண்டாம் என்றால் மொட்டைமாடிக்குப் போங்கள். நவம்பரில் காற்றின் தரம் மோசமாகும் வாரங்களில் சிகாரை அறவே விட்டுவிடுங்கள். அந்தக் காற்றில் சுவையும் தெரியாது, நுரையீரலுக்கு அதுவே அதிகம்.

நம்பர் 4 தலை சுற்றாமல் கடைசிவரை பழகிய பிறகு, இதே வலு வகையில் பொலிவாரும் ரமோன் அயோனெஸும் இருக்கின்றன. பொலிவாரில் மண்வாசனை இன்னும் முரட்டுத்தனமாக இருக்கும், ரமோன் அயோனெஸின் ஸ்பெஷலி செலெக்டட் அதே 124 மில்லிமீட்டரில் கொஞ்சம் இனிப்போடு வரும். கியூபாவுக்கு வெளியே போக விரும்பினால் நிக்கராகுவாவின் பத்ரோன் 1964 ஆனிவர்ஸரி. கொக்கோவும் காபியும் நிறைந்த, சதுரமாக அழுத்திய சிகார். இதன் மேலிலை இரண்டு விதமாக வரும், முதல் தடவைக்குக் கருத்ததை விட்டுவிட்டு வெளிர் நிறத்ததைக் கேட்டு வாங்குங்கள்.